இருபத்திரண்டு டிகிரி

பெட்டிஜான் ஊற்றுக்கு இமைக்காத கண்.
ஜூலையானாலும் ஜனவரியானாலும்
சுண்ணாம்புப் பாறையின் பிளவிலிருந்து
இருபத்திரண்டு டிகிரியில்
வந்துகொண்டே இருக்கும்.

பதினொரு வருடமாக
இடுப்பளவு நீரில் நின்று
அதன் வேகத்தை அளப்பது என் வேலை.
கையில் ஒரு கோல், கோலின் நுனியில் குட்டிச் சக்கரம்,
சுற்றுக்கு ஒரு 'டிக்' காதில் விழும்.
எண்ணி எழுதுவேன்.
சம்பளம் சுமார்தான்.

அன்றிரவு புளோரிடாவில் உறைபனி.
ஆறு பதின்மூன்று டிகிரிக்கு இறங்கியதும்
மானட்டிகள் ஊற்றைத் தேடி வந்தன.
ஊரார் வாயில் அவை கடற்பசுக்கள்.
அவற்றுக்கு ஊற்றின் வாசல் ஒரு மணல்மேடு.
அதன்மேல் நாலடி நீர் நின்றால்
தாயும் கன்றும் நிம்மதியாகக் கடக்கும்.
மூன்றரை என்றால் வயிறு உரசும்.
மூன்று என்றால்
வெளியே நிற்க வேண்டியதுதான்,
தோல் வெளுத்து, மேய்ச்சல் மறந்து,
இருக்கும் இடத்திலேயே கனத்துப்போய்.

ஏணி வெளியேதான் நின்றாள்.
முதுகில் படகின் விசிறி வெட்டிய ஏழு தழும்பு,
படிப்படியாய்; அதனால் அந்தப் பெயர்.
பக்கத்தில் இந்த வருடத்துக் கன்று.

இரவு பதினொன்றரைக்கு
நிமிடத்துக்கு முப்பத்தொரு டிக்.
மாலையில் நாற்பது இருந்தது.
காரணம் தெரிந்ததுதான்,
காற்றில் டீசல் வாடை.

கிழக்கே இரண்டு மைலில்
ஹார்லன் டக்கிளின் ஸ்ட்ராபெரித் தோட்டம்.
ஐந்து பம்புகள் தரைக்கடியிலிருந்து இழுத்து
செடிகளின்மேல் தெளித்துக்கொண்டிருந்தன.
தெளித்த நீர் உறையும், உறையும்போது சூடு விடும்,
அந்தக் கண்ணாடிக் கூட்டுக்குள்
பழம் பிழைத்துக் கிடக்கும்.
அவன் தெளித்ததும் இருபத்திரண்டு டிகிரிதான்.
ஒரே பாறை. ஒரே ஈரம்.

காரில் போகும்போதே வாசகங்களைத் தயார் செய்தேன்:
அருகிவரும் உயிரினம், சட்டம், அனுமதி அளவு.
ஹார்லன் எல்லாவற்றையும் கேட்டான்.
"உன் மாடுகளுக்கு வங்கிக் கடன் கிடையாது" என்றான்.
எனக்குப் பதில் வரவில்லை.
என் தொப்பியிலும் பனி தட்டிக்கொண்டிருந்தது.

தெளிப்பானின் மூக்கில் அடைத்த பனியை
ஸ்குரூ டிரைவரால் குத்திக்கொண்டிருந்த எலிசியோ
தலை நிமிராமல் கேட்டான்:
"வற்றம் எத்தனை மணிக்கு?"
இரண்டு பத்துக்கு.
அப்போதுதான் வாசலில் நீர் மிகக் குறையும்.
"ரோட்டோரப் பாத்தி ஆறு ஏக்கர்,
அதில் பாதி ஏற்கெனவே பறித்தாயிற்று" என்றான்
யாரையும் பார்க்காமல்.

பாதியில் நிறுத்தினால் அந்தப் பாத்தி போச்சு.
ஈரத்தோடு நிற்கும் செடியைப் பனி சும்மா விடாது.
எனக்கும் தெரியும், ஹார்லனுக்கும் தெரியும்.
ஹார்லன் வாயைத் திறப்பதற்குள்
லொரீன் போய்
ஐந்தாம் பம்பின் சாவியைத் திருப்பினாள்.
அவன் மனைவியை ஒரு தரம் பார்த்தான்.
பிறகு நாலாவது பம்பின் பெல்ட்டைச் சரிபார்க்கப் போனான்.

இரண்டரைக்கு மீண்டும் நீரில் நின்றேன்.
கால் விரல்கள் இருப்பதாகவே தெரியவில்லை,
வெளியே இருந்த கைதான் குளிரில் வலித்தது.
முப்பத்து மூன்று டிக்.
இரண்டு கூடுதல்.
என் கருவியில் வரக்கூடிய பிழையும் இரண்டுதான்.

விடிந்ததும் எண்ணினேன், உள்ளே நாற்பத்தொன்று.
ஏணி மணல்மேட்டைத் தாண்டியிருந்தாள்,
அடிவயிற்றில் புதிதாகச் சிராய்ப்பு.
கன்று அவள் அக்குளில் வாய் வைத்திருந்தது.
பம்பு நின்றதால் வந்தாளா,
கன்று தள்ளியதால் வந்தாளா,
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் கூட்டம்.
ஊற்றின் நீரில் இன்னும் எட்டு சதவீதம் எடுத்தாலும்
'குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை'
என்று ஒருவர் திரையில் காட்டினார்.
அவர் காட்டியது வருடச் சராசரி.
இரண்டு பத்து அதில் எங்கேயும் இல்லை.
எழுந்து அதை மட்டும் சொன்னேன்,
குரல் நடுங்கியது. குறித்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை ரோட்டோரக் கடையில்
லொரீன் நின்றிருந்தாள்.
ஒரு பெட்டி ஸ்ட்ராபெரி எடுத்தேன்.
முழு விலையும் வாங்கிக்கொண்டாள்.