உப்புக் கணக்கு

கொள்ளிடம் கடலைத் தொடும் மூலையில்
எங்கள் கைப்பம்புக்கு ஆறு இருப்பதே தெரியாது.
அடிக்க அடிக்க உவர்.
கஞ்சி தானாகவே உப்புக் கரித்து வெந்தது.
மூத்தவன் பிறந்ததிலிருந்து
நான் உப்பு வாங்கியதில்லை.

மாசியில் இறங்கின
ஆறு சூரியப் பலகைகள், ஒரு தகரக் கொட்டகை,
சவ்வு உருளைகள், கறுப்புத் தொட்டி.
வாசலில் எழுதினார்கள்:
'பயனாளிகள் – இருளர் குடும்பங்கள் 31.'
சாதிச் சான்று கேட்டுப் போனால் மட்டும்
நாங்கள் யாரென்று
தாலுக்கா ஆபீஸுக்குத் தெரிவதில்லை.

வந்த பொறியாளர் மீட்டரை முக்கிக் காட்டினார்.
பம்பில் இரண்டாயிரத்து நானூறு.
குழாயில் எண்பத்தாறு.
எண்பத்தாறில் காய்ச்சிய கஞ்சியை
ஒரு வாய் வைத்துவிட்டு
தேசப்பன் துப்பினான்:
"என்னாடி இது, செத்த தண்ணி!"
அன்றைக்கு அந்தியில்
அரைக் கிலோ கல்லுப்பு கடன் சொன்னேன்.

எட்டாவது வரை போனவள் என்று
சாவியை என்னிடம் கொடுத்தார்கள்.
விடிந்ததும் பலகை துடைப்பேன்,
கொக்கின் எச்சம், கடல்காற்று ஒட்டிய வெண்தூள்.
சேற்றில் இறால் தடவித் தடவி
நகம் மழுங்கிய விரல்கள்
கண்ணாடியில் வழுக்குகின்றன.
பிரித்தெடுத்த உப்பை
வாய்க்காலில் விடச் சொல்லியிருக்கிறார்கள்.
அந்த வாய்க்காலில்தான் நான் இறால் தடவுகிறேன்.
இதற்கு மீட்டரில் எண் இருக்கிறதா என்று கேட்டேன்.
குறித்துக்கொண்டார்.

கார்த்திகையில் புயல் போன மூன்றாம் நாள்
வெயில் வந்தது.
கரண்ட் வரவில்லை.
மேலத்தெரு மோட்டார்கள் எல்லாம் ஊமை.
டிவிஎஸ்ஸில் இரண்டு, சைக்கிளில் நான்கு என்று
கேன்கள் எங்கள் பக்கம் திரும்பின.
இந்தப் பாதை இருப்பதே
பலருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும்.

கேனை வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று
ஒருவர் சொன்னார்:
"டியூப மட்டும் புடிம்மா.
வெரலு படாம."

வெள்ளிக்கிழமைதோறும்
அந்தத் தொட்டிக்குள் இறங்கி
காலூன்றி நின்று
கையால் தேய்த்துக் கழுவுகிறவள் நான்.
சொல்ல வாய் வந்தது.
வரிசையில் ஒரு கைக்குழந்தை
அழுதுகொண்டே இருந்தது.

டியூபைப் பிடித்தேன், விரல் படாமல்.
பேட்டரியில் இன்னும் இரண்டு கோடு.
மேற்கே மேகம் ஏறுகிறது.

அடுத்த கேன்.