இரண்டு நாற்பது

தார்த்துவில் பனி கொட்டுகிறது. குடுவைக்குக் காவல்
மாரிக்கா எழுதிய அறுபது வரி பைத்தான்.
நிமிடத்துக்கு ஒரு துளி, துளிக்கு ஓர் எண்.

இரவு இரண்டு நாற்பதுக்கு மட்டும்
வளைகோடு துள்ளுகிறது.
திங்கள் முதல் அதே துள்ளல்.
பிசிறு என்று பெயரிட்டு
நீக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தாள்.
வரைபடம் இஸ்திரி போட்டதுபோல் படிந்தது.
பேராசிரியருக்குப் பிடித்தது.
அவளுக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை.

வியாழன் இரவு, மேலங்கியைக் கழற்றாமல்
இருட்டில் உட்கார்ந்திருந்தாள்.
கதவு திறந்தது. விளக்கு.
வாளியோடு வைக்கே:
"ஐயோ, ஆள் இருக்கா? நாலு நிமிஷம்தான்,
துடைச்சிட்டுப் போயிடுறேன்."

குடுவையில் மஞ்சள் மெல்லச் சிவந்தது.

நீக்கும் வரியை நீக்கினாள்.
அட்டவணையில் புதிய பத்தி ஒன்று: விளக்கு.
பிறகு போன ஞாயிற்றைத் திறந்து பார்த்தாள்.
கோடு சமர்த்தாய்ப் படுத்திருந்தது.

ஞாயிறு, வைக்கேவுக்கு விடுமுறை.