அறை 204-இன் சி ஃபாரம்

வெளிநாட்டார் தங்கினால்
இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும்.
பெயர்: ஊ செய்ன் தௌங்.
ஊர்: பெகு வட்டாரம்.
நாடு, பாஸ்போர்ட்டில் மியான்மர்.
அண்ணா நகரில் இன்னும் பர்மாதான்.
வந்த காரணம்: வலது கண், புரை.
தொழில் என்ற கட்டத்தில்
கர்சர் மினுக்கிக்கொண்டு நின்றது.

அவருக்குத் தமிழ் தெரியாது, ஒரு சொல் தவிர:
வட்டி.
சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்,
பழைய கணக்கெல்லாம் தீர்ந்துவிட்டது போல.

அத்தோ கடை முனியரசைக் கூட்டிவந்தேன்.
அறுபத்தைந்தில் கப்பல் ஏற்றப்பட்டபோது
அவருக்கு எட்டு வயது.
அவருடைய பர்மியமும்
அன்றோடு வளர்வதை நிறுத்திக்கொண்டது.

"சாரு கணக்கு வாத்தியாரு.
ஒரு நாள் எல்லாரும் தெருவுல கத்துனாங்க. இவரும் கத்துனாரு.
வெளியில பூட்டுன ரூம்புல வச்சுட்டாங்க.
எத்தன நாளுன்னு கேட்டேன்.
நமக்கு நூறு வரைக்கும்தான் எண்ணத் தெரியும்.
அதுக்கு மேல சொல்றாரு."

ஃபேன் சத்தம்.
கீழே சாந்தி ட்ராவல்ஸ் பையன் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான்.

"அப்புறம் ஊரே வரிசையில நின்னு
சுண்டுவிரல மையில முக்கி இவரத்தான் கேட்டுச்சு.
நெறையப் பேரு உக்காந்து பேசுற பெரிய வீடு.
அங்க இவருக்கு ஒரு நாற்காலி.
அஞ்சு வருசமும் ஒரே கேள்வி கேட்டிருக்காரு.
தண்ணி வர்ற வாசல், தண்ணிக்குக் கதவு...
அதுக்குப் பேரு நமக்கு வரல."

மடை, என்றேன்.
எனக்குச் சோழவந்தான் பக்கம்.

"மடை. பதினோரு தடவ கேட்டாரு.
பன்னெண்டாவதுல இரும்புல போட்டுக் குடுத்தாங்க.
திரும்ப மை. திரும்ப இவரு.
நாற்காலிக்குப் போறதுக்குள்ள
பெரிய பசங்க வந்து பந்தப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க."

பந்தையா?

"எனக்கு அப்பிடித்தான் சொல்ல வருது."

ஊ செய்ன் தௌங் தலையசைத்தார்,
ஒரு திருத்தமும் இல்லை என்பது போல.

சரி, தொழில் என்ன என்று கேளுங்கள் என்றேன்.
முனியரசு தலையைச் சொறிந்தார், கேட்டார்.
கண்கட்டைக் கையால் பிடித்துக்கொண்டு
அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.
என்ன கேட்டீர்கள்?
"பெருசானதும் என்னவாகப் போறீங்கன்னு.
நாம கேட்டுப் பழகுனது அதானே."

யோசித்துச் சொல்கிறாராம்.
'மற்றவை' என்று போட்டு ஏற்றிவிட்டேன்.
மாலையில் ஸ்டேஷனிலிருந்து போன்:
மற்றவைன்னா என்னய்யா மற்றவை?

மூன்றாம் நாள் விடியலில்
சாவி மேஜையில் இருந்தது, ஆள் இல்லை.
முனியரசின் டிவிஎஸ்ஸில் தேடிப்போனோம்.
வண்டியூர்க் கண்மாய்.
நடைப்பயிற்சிக்காரர்கள் விலகிப் போக
ஒற்றைக் கண்ணுடன் மதகடியில் குந்தியிருந்தார்.
ஷட்டரின் துருவை நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.
சாண் சாணாக அளந்தார்.
பக்கத்தில் ஒரு கல்வெட்டு, யாரோ திறந்துவைத்தது.
எழுத்துகளின் பள்ளத்தில் விரலை ஓட்டினார்.
அவருடைய கல்லில் பெயரைக் கொத்தி எடுத்துவிட்டார்களாம்.
மடை இருக்கிறது.

கேட்டார்: இதன் சாவி யாரிடம்?
லஸ்கரிடம், என்றேன்.
லஸ்கர் யார் சொன்னால் திறப்பார்?
இன்ஜினியர் சொன்னால்.
இன்ஜினியருக்கு?
மேலே உள்ளவர்கள் சொல்வார்கள்.
நிமிர்ந்து நீரைப் பார்த்தார்.
ஆகாயத்தாமரை, ஒரு பிளாஸ்டிக் செருப்பு, நாரை.
பிறகு இன்னும் ஏதோ கேட்டார், நீளமாக, கைகளை விரித்து.

முனியரசு மொழிபெயர்க்கவில்லை.
ஸ்டாண்டைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறினார்.
"புரியலப்பா," என்றார்.
"அந்த வயசுல நம்மகிட்ட
இதெல்லாம் யாரு கேட்டா?"