வதூது கடைத் தராசு

கூத்தாநல்லூரில் என் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை.
தராசு இருக்கிறது.
சபருக்குப் போகிறவர்கள் முந்தின ராத்திரி வருவார்கள்.
பெட்டியை ஏற்றிவிட்டு
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்,
நிறுப்பது அவர்களைத்தான் என்பதுபோல.

நாகப்பட்டினத்தில் கப்பல் இருந்த நாளில்
அத்தாவிடம் தராசு கிடையாது. கயிறு மட்டும்.
பினாங்குக்கு அம்மிக்கல்லே போயிருக்கிறது,
குழவியைத் தனியாகச் சாக்கில் சுற்றி.
கடலுக்கு அதெல்லாம் ஒரு கணக்கா?

கப்பல் நின்றது.
திருச்சியிலிருந்து கொழும்புக்குக்
காற்றாடி சுற்றும் சின்ன விமானம்,
அப்புறம் ஜெட்.
ஒல்லி உடம்பு. இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர்,
நடுவில் வரப்பு அகலத்துக்கு ஒரு வழி.
"எதிரே ஆள் வந்தா
வயல்ல கால் வைக்கிற மாதிரி
யார் மடியிலயாவது ஒதுங்கணும் காக்கா"
என்றான் பொதக்குடி நைனார் முகம்மது.
இன்ஜின் தரையில் தட்டாமலிருக்க
அதன் அடி சப்பையாம்.
சிங்கப்பூரைப் பற்றிக் கேட்டால்
அதையே மூன்று தடவை சொன்னான்.

அந்த வாரம்தான் இந்தத் தராசு வாங்கினேன்.

விமானங்களின் சரித்திரம் எனக்குத் தெரியாது.
என் மேஜையில் விட்டுப்போனவை தெரியும்.
இருபது கிலோ என்ற காலத்தில்
இரும்புச்சட்டி, இட்லி அரிசி, மாமியார் கொடுத்த
நாரத்தங்காய் ஜாடி.
முப்பது என்றார்கள், அரிசி மறுபடி உள்ளே போனது.
தண்ணீருக்கும் காசு கேட்கும் விமானம் வந்தது,
கைப்பைக்கு ஏழு என்று.
மேட்டூர் திறந்து வெண்ணாற்றில் தண்ணீர் வந்த ஜூனில்
நாலு சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு
ஒருத்தன் என் கடையிலிருந்து பஸ் ஏறினான்,
அக்குளில் ஒரு ஜோடி ஷூ.

லெட்சுமாங்குடி செண்பகவல்லி
தம்ரூட் டப்பாவை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள்.
முள் முப்பதரையில் நின்றது.
கடைசியில் பெட்டிக்குள்ளிருந்த
புதுச் செருப்பை எடுத்துக் காலில் போட்டுக்கொண்டு
பழசை என்னிடம் விட்டாள்.
கேட்டு வருவாள் என்று வைத்திருக்கிறேன்.
எட்டு வருஷம்.

தங்கச்சி மகன் இர்பான் மாலத்தீவில் சமையல்காரன்.
திருவனந்தபுரம் போய் ஏறினால்
அங்கேயும் அதே ஒல்லி விமானம்,
அதே மூன்று, மூன்று.
"சன்னலோரம் கல்யாண ஜோடி மாமா,
எனக்கு எப்பவும் வழியோர சீட்டு.
இறங்குற ஓடுபாதைக்கு
ரெண்டு தலைமாட்டுலயும் கடல்.
வரப்பு மட்டும் இருக்கு, வயல் இல்ல."
கொத்தமல்லித் தழைகூட ஆகாயத்திலிருந்துதான் வருமாம்.
வயலே இல்லாத ஊரில்
மூன்று வேளையும் சோறு வடிக்கிறான்.

நோன்புக்கு வந்தவன் திரும்பும்போது பையைக் கொண்டுவந்தான்.
கவிழ்த்து உதறினேன்.
தையலுக்குள்ளிருந்து மணல் கொட்டியது,
உப்பைப் போல் வெள்ளை,
தட்டு முழுக்க.
முள் அசையவில்லை.

துடைக்கத் துணி எடுத்தேன்.
அதற்குள் அடுத்த ஆள் அவசரமாகத்
தன் பெட்டியை அதன்மேலேயே வைத்துவிட்டார்.
நறநறவென்றது.
இருபத்தொன்பதே முக்கால்.
போகலாம் என்றேன்.