கசிவு

பதினோராவது மாடி. ஜாலான் ராஜா லாவுட்.
இடுப்பில் கயிறு, மறுமுனையில் ரஃபிக்குல்.
ஏர்கோனின் வெளிப்பெட்டியைத் திறக்கிறேன்.
உள்ளே பதினெட்டு டிகிரி,
என் முகத்தில் அடிப்பது ஐம்பதுக்குக் குறையாது.
குளிரை யாரும் உண்டாக்குவதில்லை.
சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறோம்.
பதினாறு வருடத்தில் நான் படித்த விஞ்ஞானம் இவ்வளவுதான்:
ஓர் அறை குளிர்ந்தால்
ஒரு தெரு அதற்குக் கணக்குக் கொடுக்கிறது.

அறையில் கூட்டம். பருவநிலை பற்றி.
ஏணியேறி மேல்தட்டுக்குள் தலையை நுழைத்தவனுக்குக்
காது இருக்காது என்பது அவர்கள் நினைப்பு.
கோட்டு போட்டவர் சொன்னார்:
புகைக்கு ஒரு விலை வையுங்கள்,
மிச்சத்தைச் சந்தை பார்த்துக்கொள்ளும்.
எதிரே இருந்த அம்மா மேசையைத் தட்டினார்:
சந்தையேதான் நோய். அடியோடு மாற்றணும்.
ஒரு மணி நேரம்.
இருவரும் ஒத்துப்போனது ஒன்றில்தான்,
அறை இன்னும் குளிரணும்.

குழாயில் சோப்பு நுரை தடவினேன்.
வளைவில் ஒரு குமிழி
மெதுவாகக் கண் விழித்தது.
ஊசிமுனை ஓட்டை.

தவுக்கே லாவ் தொலைபேசியில்:
"அடைக்காதே. கேஸ் மட்டும் ஏற்று.
ஆறு மாதத்தில் மறுபடியும் கூப்பிடுவான்."
இப்போது வருவது புதுக் கேஸ்.
உருளையில் பச்சை இலைப் படம்.
பூமிக்கு நல்லது என்று மலாயில் எழுதியிருக்கிறது.
நல்லதாகவே இருக்கட்டும்.
அதுவும் இந்த ஓட்டை வழியாகத்தான் போகும்.

லாவ் கெட்டவர் இல்லை.
ஊரடங்கில் எட்டுப் பேருக்கும் பாதிச் சம்பளம் போட்டவர்.
ஒழுகினால்தான் ஓடும் கடை அவருடையது.
ஒருமுறை கேஸ் ஏற்ற நூற்றெண்பது வெள்ளி,
அதில் என் பங்கு முப்பத்தைந்து.
மகள் வைதேகியின் பள்ளி பஸ்
கசிவில்தான் ஓடுகிறது.

ஆகவே அந்த அம்மாவிடம் ஒன்று கேட்க நினைத்தேன்.
அடியோடு மாற்றும்போது
அடியில் நிற்பவன் நான்தானே,
முதல் அடி எங்கே விழும்?
கோட்டுக்காரரிடமும் ஒன்று இருந்தது.
விலை கட்ட முடிந்தவனுக்குப் புகை,
முடியாதவனுக்கு வியர்வை,
இதற்குப் பெயர் மாற்றமா, ரசீதா?
ஏணியில் நிற்பவனுக்கு மைக் தரமாட்டார்கள்.
தந்திருந்தால்
"சார், சுவிட்ச் எங்கே?" என்றுதான் கேட்டிருப்பேன்.

நாலு மணிக்கு மழை பிடித்தது.
கோம்பாக் ஆறு தே தாரிக் நிறத்தில் ஏறியது.
கீழ்த்தளக் கார் நிறுத்தத்தில் தண்ணீர் என்று
யாரோ கத்த,
சந்தையும் நோயும் ஒரே படிக்கட்டில்
காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடின.

காலி அறை. திரையில் ஒரு சிவப்புக் கோடு மட்டும்
ஏறியபடியே நின்றது.
தீக்குழலைப் பற்றவைத்தேன்.
வெள்ளிக் கம்பி உருகி ஓட்டையில் உட்கார
ஐந்து நிமிடம்.
ரசீதில் எழுதினேன்: கேஸ் மட்டும்.
ரஃபிக்குல் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.
அவன் ஊரில் கடல் வந்து வயலை எடுத்துக்கொண்டதை
சாப்பாட்டு நேரத்தில் ஒரே ஒருமுறை சொன்னவன்.

பெருமைப்பட ஒன்றுமில்லை.
அந்தக் கட்டடத்தில் மட்டும் எண்பத்துநாலு பெட்டி.
ஓட்டையை அடைக்க என்னிடம் கம்பி இருக்கிறது,
ஓட்டையை நம்பிக் கட்டிய கடையை
எந்தக் கம்பியால் அடைப்பது?
அடைத்த மறுநாள் எட்டுப் பேர் எங்கே போவது?
இரண்டுக்கும் சேர்த்துப் பதில் வைத்திருப்பவர் வரட்டும்,
ஏணியை நான் பிடிக்கிறேன்.

செந்தூல் வீட்டில் பக்கத்து வீட்டுப் பெட்டி
எங்கள் சன்னலுக்குள் ஊதுகிறது.
புனிதமலர் குளிர்பெட்டிக் கதவில்
ஒரு விளம்பரத்தாளை ஒட்டியிருக்கிறாள்:
மாதம் ஐம்பத்தொன்பது வெள்ளி, முன்பணம் வேண்டாம்.
நான் அதைக் கிழிக்கவில்லை.
இரவு பதினொன்றுக்கு லாவின் குரல்பதிவு.
நாளை எட்டு மணி, அதே கட்டடம், பன்னிரண்டாவது மாடி.
குளிரவில்லையாம்.