எழுதாத பேனா

பெலன் ஊரில், சரக்கு ரயில் நின்று நின்று போகும் பாதையை ஒட்டி,
டயர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே
ஃபாபியனின் காப்பீட்டு அலுவலகம்.
பதினோரு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மதியம்.
எனக்குப் பசி. வெளியே வண்டியில் நாய்.
தாளைத் திருப்பித் திருப்பி விரல் வைத்தார்:
இங்கே, இங்கே, இங்கே.

ஏழாவது இடத்தில் விரல் நின்றது.
"வேண்டாமென்றால், வேண்டாமென்று கையெழுத்துப் போடணும்.
இன்சூரன்ஸ் இல்லாத ஒருவன் உங்களை இடித்தால்,
இருந்தும் போதாத ஒருவன் இடித்தால்
நம் கம்பெனி கொடுக்கும்.
மாதம் ஆறு டாலர் நாற்பது சென்ட்."

எவனோ செய்யும் தப்புக்கு
நான் ஏன் பணம் கட்டணும் என்றேன்.
எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார்.
மறுத்துக் கையெழுத்திடப் பேனாவை வைத்தேன்.
எழுதவில்லை.
உதறினேன், ஓரத்தில் கிறுக்கினேன்,
தாளில் பள்ளம் விழுந்தது, மை விழவில்லை.
அவர் இழுப்பறையில் வேறு பேனா துழாவ,
நாய் முன் சீட்டுக்குத் தாவி ஹாரனை மிதித்தது.
தெருவே திரும்பிப் பார்த்தது.
"சரி, அதையும் சேர்த்தே போடுங்கள்" என்று எழுந்துவிட்டேன்.

என் முன்யோசனையைப் பாராட்டுகிறவர்களிடம்
இதை நான் சொல்வதில்லை.

போன மார்ச். காற்று மண்ணை வாரிச் சாலையில் கொட்டும் மாதம்.
பேக்கரியில் இரவு வேலை முடிந்து
முடியில் மாவோடு வந்துகொண்டிருந்தேன்.
பையன் பெயர் டைரெல் ஹாஸ்கின். பத்தொன்பது வயது.
சிவப்பு விளக்கைப் பார்க்கவில்லை என்றானாம்.
என் இடது இடுப்பு
கதவோடு சேர்ந்து உள்ளே வந்தது.

அவனிடம் காப்பீடு இருந்தது, அதுதான் வேடிக்கை.
சட்டம் கேட்கும் குறைந்தபட்சம், ஒரு டாலர் கூடுதல் இல்லை:
இருபத்தைந்தாயிரம்.
ஆஸ்பத்திரி ரசீது தொண்ணூற்றோராயிரம்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
என்னைத் தூக்கிப்போன ஹெலிகாப்டரே
அந்தப் பொரி முழுவதையும் தின்றுவிட்டது.
அந்த வானத்தை நான் கண் திறந்து பார்க்கவும் இல்லை.

அவன் கம்பெனியிலிருந்து காசோலை வந்தது,
கூடவே ஒரு தாள்:
இனி யாரிடமும் எதுவும் கேட்க மாட்டேன்,
கீழே கோடு.
இந்த முறை பேனா நன்றாகவே எழுதியது.
'லு' வரைக்கும் போட்டுவிட்டேன், லுசெரோவின் லு.
ஃபாபியன் போனில் கத்தினார்:
"கையை எடு! முதலில் நம் கம்பெனியிடம் எழுதிச் சம்மதம் வாங்கு.
இல்லையென்றால் நம் பக்கம் ஒரு சென்ட் வராது."
அந்த 'லு'வோடு தாளை மடித்து வைத்திருக்கிறேன்.

நம் பக்கம்.
பதினோரு வருடம் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை அனுப்பிய பக்கம்.
இப்போது அங்கிருந்து கெரிட் வான்ஸ் என்பவர் பேசுகிறார்,
மரியாதையாக, பதிவு செய்துகொண்டு:
விபத்துக்கு முன்பே இடுப்பு வலித்ததுண்டா?
மாவு மூட்டை எத்தனை பவுண்டு?
ஒருவேளை நீங்களும் கொஞ்சம் வேகமாக வந்தீர்களோ?
புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆனது.
அவர் உட்கார்ந்திருப்பது டைரெலின் நாற்காலியில்.
அந்தப் பையன் தர வேண்டியதைத்தான் அவர் தர வேண்டும்,
அதனால் அந்தப் பையனாகவே பேசுகிறார்.
நாற்காலி மட்டும் என்னுடையது,
மாதம் ஆறு டாலர் நாற்பது சென்ட்
தவணையில் நான் வாங்கியது.

முதலில் பன்னிரண்டாயிரம் என்றார்கள்.
பிறகு பத்தொன்பது.
செவ்வாய்க்கிழமை அல்புகர்க்கியில் மறுபடி உட்காருகிறோம்.

நேற்று டைரெல் பேக்கரிக்கு வந்தான்,
சைக்கிளில். என்னைக் கண்டதும்
திரும்பிப் போய்விடலாமா என்று கதவில் நின்றான்.
வரிசையில் பின்னால் ஆட்கள் இருந்தார்கள்.
"நடக்க முடிகிறதா?" என்றான்.
"கவுன்டர் வரைக்கும்" என்றேன்.
நான்கு ரொட்டி. மூன்று டாலர் இருபது.
ஐந்து டாலர் தாளுக்கு மீதியை எண்ணி வைத்தேன்.
அவனும் ஒருமுறை எண்ணினான்.
சரியாக இருந்தது.