பக்கத்து இலை

உட்லண்ட்ஸ் ரயில் நிலையத்தின் கீழே
ஐந்தடிக்கு நாலடிக் கண்ணாடிப் பெட்டி.
உள்ளே நான், ஒரு மின்விசிறி,
ரப்பர் வளையம் போட்ட
பதினொரு நாடுகள்.

காலை ஒன்பதுக்கு
நைனார் பாய் தொலைபேசியில் எண் சொல்வார்.
மூன்று புள்ளி இரண்டு எட்டு.
பலகையில் ஏற்றுவேன்.
நான் கையை எடுக்குமுன்
அது பாலத்தைக் கடந்திருக்கும்.
வெள்ளிக்கிழமை மாலையில்
எனக்கு இரண்டரை மணி நேரம் ஆகும் பாலம்.

பாலத்தின் ஓரமாய்க் குழாய் ஓடுகிறது.
எங்கள் பக்கத்து ஆறு அதற்குள்
வரிசையில் நிற்காமல் வருகிறது.
கடவுச்சீட்டு காட்டச் சொல்லி
தண்ணீரை யாரும் கேட்பதில்லை.

"ஜொகூரா நீ?
அங்கே பையை முன்னால் மாட்டிக்கணுமாமே?"
கேட்டுக்கொண்டே நூறு டாலரை நீட்டுகிறார்
புக்கிட் பாஞ்சாங் அம்மா.
அதே மூச்சில்,
"கார் கழுவ எங்கே நல்லா இருக்கும்?
முடி வெட்ட?"

கோலாலம்பூர்க் கல்யாணத்தில் சித்தப்பா
வேறு மாதிரி அறிமுகப்படுத்தினார்:
"சிங்கப்பூர்ப் பொண்ணு."
மாசாயில் பிறந்து
மாசாயில் தூங்கும் என்னை.

பேருந்தின் முதுகில் அடுக்குமாடி விளம்பரம்:
சிங்கப்பூருக்குப் பத்தே நிமிடம்.
எந்த ஊர் என்று கீழே தேடினேன்.
தொலைவுதான் முகவரி.

என் தெருவில் தாதி செல்வமலர்.
சம்பளம் ரிங்கிட்டில்.
"இந்தத் தெருவே டாலர்ல வாங்குது" என்று
வாடகையை நூற்றைம்பது ஏற்றினார் முதலாளி.
அவள் பாலம் ஏறியதே இல்லை.
பாலம்தான்
அவள் வீட்டுக்குள் ஏறியது.

குற்றம் சொல்ல வரவில்லை.
தம்பியின் பல் மருத்துவப் படிப்பு
இந்தப் பலகையில்தான் ஓடுகிறது.
எண் ஏறினால் எனக்குச் சந்தோஷம்.
எண் ஏறினால்
என் ஊர் இன்னும் கொஞ்சம் மலிகிறது.
இரண்டையும் ஒரே விரலால் அழுத்துகிறேன்.

பந்தியில் சிலர்
பக்கத்து இலைக்குப் பாயசம் என்று குரல் கொடுப்பார்கள்.
அந்தப் பக்கத்து இலை நாங்கள்.
கூலாய்ப் பக்கம் ஜன்னலே இல்லாத
கணினிக் கிடங்குகள் வந்துவிட்டன,
ரயில் வரப்போகிறது,
பாயசம் விழாமல் இல்லை.
பசித்துக் கேட்டவர் யார் என்பதுதான்.

மாதக் கடைசி.
கதவைப் பூட்டிவிட்டு
கண்ணாடிக்கு வெளியே வந்து
வரிசையில் நிற்கிறேன்,
ஆறாவது ஆளாக.
உள்ளே நைனார் பாய்.

"உனக்குன்னு தனி ரேட் இல்லைம்மா."
தெரியும் பாய்.
காலையில் நான்தானே ஏற்றினேன்.

அவர் எண்ணுகிறார்.
பின்னால் ஒருவர் பொறுமையிழந்து
யாரிடமோ சொல்கிறார்:
"இந்த ஜொகூர்க்காரங்க வந்தாலே
கூட்டம்."

நான் திரும்பவில்லை.
இன்னும் நாற்பது நோட்டு
எண்ண வேண்டியிருக்கிறது.